தொழிற்சாலை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது?

கொழும்பிலும், அதை ஒட்டிய பேலியகொடை, வத்தளைப் பக்கங்களிலும் தேயிலையைக் கலந்து, பொதியிட்டு, கப்பலுக்கு அனுப்பும் நிலையங்கள் நிறைய இருக்கின்றன. பச்சைக் கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டுமானால் மலையகத்துக்கோ, இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தோட்டங்களுக்கோ போக வேண்டும். பொருள் ஒன்றுதான். அதன் இரண்டு தொழிற்சாலைகளும் ஒன்றைவிட்டு ஒன்று இவ்வளவு தூரம் விலகி நிற்பதற்கான காரணம் விளங்கினால், கைத்தொழில் அமைவிடம் என்ற பாடத்தில் பாதி விளங்கிவிடும்.

கணக்கை முதலில் பார்ப்போம். 1 கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ கொழுந்து வேண்டும். மிச்சமெல்லாம் ஆவியாகப் போகும் நீர். கொழுந்தை அப்படியே கொழும்புக்கு ஏற்றினால், ஒவ்வொரு 4.5 கிலோவிலும் 3.5 கிலோ தண்ணீருக்கு லொறிக் கூலி கொடுத்ததாக ஆகும். கூலியைவிடப் பெரிய சிக்கல் கொழுந்தின் குணம். பறித்த பிறகும் அது சுவாசிக்கும். சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறும். நசுங்கிய இலை, உருட்டும் இயந்திரத்துக்குப் போகுமுன்பே சிவக்கத் தொடங்கும். அப்படிச் சிவந்த கொழுந்திலிருந்து நல்ல விலைக்குப் போகும் தேயிலை வராது. ஆகவே பறித்த அன்றே அது வாட்டும் தட்டுக்குப் போயாக வேண்டும். தொழிற்சாலை தோட்டத்தோடுதான் இருக்க முடியும்.

தூளான பிறகு நிலைமை தலைகீழ். கலப்பதாலோ பொதியிடுவதாலோ நிறை குறைவதில்லை. ஒரு நல்ல கலவைக்கு உயர்நாட்டு, நடுநாட்டு, தாழ்நாட்டுத் தேயிலைகள் எல்லாம் வேண்டும். அவை அத்தனையும் ஒன்றுசேரும் இடம் 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலம். தேயிலைப் பைக்கான வடிதாள் கப்பலில் வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சாக்கில் இறுக்கி அடைத்த தேயிலையைவிட, சிறு அட்டைப் பெட்டிகளில் போட்ட அதே தேயிலை பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அதைத் தூரத்தில் பொதியிட்டால் லொறியில் காற்றைத்தான் ஏற்றி வருவோம். அதனால் பொதியிடும் வேலை கப்பலுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது.

இதிலிருந்து எந்தத் தொழிற்சாலையைப் பார்த்தாலும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி கிடைக்கிறது: இதற்குள் போவதிலும் இதிலிருந்து வருவதிலும், நகர்த்துவதற்கு மிகக் கடினமானது எது? அது பாரமான கல்லாக இருக்கலாம், கெட்டுப்போகும் இலையாக இருக்கலாம். ஆறு, வீடு விட்டு வெகுதூரம் வர முடியாத தொழிலாளர், ஓர் அரசாங்கச் சலுகை என நகர்த்தவே முடியாததாகவும் இருக்கலாம். தொழிற்சாலை அதைத் தேடிப் போகும். மற்றவை தொழிற்சாலையைத் தேடி வரும்.

வேபரின் நிறைக் கணக்கு

ஜேர்மனியப் பொருளியலாளர் அல்பிரட் வேபர் 1909 இல் இந்தச் சிந்தனையை ஒரு முறையான கோட்பாடாக்கினார். போக்குவரத்துச் செலவு எங்கே மிகக் குறைகிறதோ அங்கேதான் தொழிற்சாலை முதலில் ஈர்க்கப்படும் என்பது அவருடைய அடிப்படை. மலிவான உழைப்பும், பல தொழில்கள் ஒன்றுகூடி நிற்பதால் வரும் நன்மையும் அதை அந்தப் புள்ளியிலிருந்து விலக்கி இழுக்கலாம். ஆனால் அந்த மிச்சம், கூடுதலாகும் போக்குவரத்துச் செலவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

அவர் தந்த கருவிகளில் தொடக்கநிலை மாணவருக்கு மிகவும் பயன்படுவது பொருட் சுட்டெண். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கிடைக்கும் மூலப்பொருளின் நிறையை, முடிவுப்பொருளின் நிறையால் வகுக்க வேண்டும். விடை 1 ஐவிடப் பெரிதானால் தொழிற்சாலை மூலப்பொருள் பக்கம் சாயும். சிறிதானால் சந்தைப் பக்கம் சாயும். எங்கும் கிடைக்கும் பொருளை, உதாரணமாகச் சாதாரண நீரை, இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். குளிர்பானத்தின் நிறையில் பெரும்பகுதி நீர். சீனியும் சாறும் சேர்ந்தாலும் போத்தலின் நிறையில் சிறு பங்கே வரும். எனவே அதன் சுட்டெண் 1 ஐவிட மிகக் குறைவு. குடிப்பவர்கள் எங்கே அதிகமோ அங்கே போத்தலில் அடைப்பதே இலாபம். பாண் வேகும் பேக்கரி தெருவுக்குத் தெரு இருப்பதற்கும் ஏறக்குறைய இதே நியாயம், கூடவே பாண் அன்றன்றைக்கே விற்க வேண்டிய பொருள் என்ற நெருக்கடியும் உண்டு.

எதிர்ப்பக்கத்துக்குக் கரும்பு. 100 கிலோ கரும்பிலிருந்து கிடைக்கும் சீனி ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ. வெட்டிய கரும்பில் சீனியின் அளவு மணிக்கு மணி குறையும். ஒன்றிரண்டு நாளுக்குள் பிழிய வேண்டும். பெல்வத்தை, செவனகல, ஹிங்குரானை ஆலைகள் எல்லாம் கரும்புக் காணிகளுக்கு நடுவில் நிற்பதில் வியப்பில்லை.

சீமெந்து இன்னும் சுவையான பாடம், ஏனென்றால் அது இரண்டாகப் பிரிகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்சியம் காபனேற்றின் நிறையில் 44 சதவீதம் காபனீரொட்சைட்டாக வெளியேறிவிடும். சூளையிலிருந்து கட்டிகளாக வருவது கிளிங்கர்; அதை அரைத்தால் சீமெந்து. 1 தொன் கிளிங்கருக்கு 1.5 தொன் அளவு சுண்ணாம்புக்கல் தேவை. ஆகவே சூளை, கல் அகழும் இடத்துக்கு அருகே இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் படிவத்தின் மேல் காங்கேசன்துறை ஆலை எழுந்ததும், அருவக்காட்டுக் கல்லை நம்பிப் புத்தளம் ஆலை எழுந்ததும் இதனால்தான். ஆனால் சூளையிலிருந்து வெளிவந்த கிளிங்கரை அரைக்கும்போது நிறை எதுவும் இழக்கப்படுவதில்லை. கொஞ்சம் ஜிப்சம் சேர்வதால் சற்றே கூடும். எனவே அரைக்கும் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் பக்கத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளிநாட்டுக் கிளிங்கரைக் கப்பலில் கொண்டுவந்து காலியிலும் திருகோணமலையிலும் அரைப்பது சாத்தியமாவது இப்படித்தான். “சீமெந்து ஆலை” என்று பரீட்சைத்தாளில் கேட்டால், சூளையா அரைப்பா என்று தனக்குள் கேட்டுவிட்டு எழுதத் தொடங்குவது நல்லது.

வேபரின் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. நிறையும் தூரமும் மட்டுமே செலவைத் தீர்மானிப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் கப்பலில் ஆயிரம் கிலோமீற்றர் வருவது, லொறியில் நூறு கிலோமீற்றர் போவதைவிட மலிவாக இருக்கலாம். பெரும் செலவு ஏற்றி இறக்கும் இடத்தில்தான் விழுகிறது. கப்பலிலிருந்து இறக்கிய பொருளை மறுபடி லொறியில் ஏற்றாமல், இறக்கிய இடத்திலேயே பதப்படுத்தினால் ஒரு தடவை ஏற்றி இறக்கும் கூலி மிச்சம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. முழுவதும் கப்பலில் வருகிறது. திருகோணமலையின் ஆழமான துறைமுகத்தில் பெரிய மாவாலை 1980 முதல் இயங்குவதற்கு இதுவே காரணம். சப்புகஸ்கந்தவில் மசகு எண்ணெய் ஊற்று எதுவுமில்லை. கொழும்புக்கு வரும் எண்ணெய் குழாய் வழியே அங்கு போகிறது, 1969 முதல்.

கொழும்பு ஏன் கொழும்பானது

மேல் மாகாணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 இல் 2 பங்குக்கு மேல் தருகிறது. இதற்கு விடையாக “துறைமுகம் இருக்கிறது” என்று எழுதுவது பாதி விடைதான். இயற்கைத் துறைமுகம் என்று பார்த்தால் திருகோணமலைக்கு நிகராகக் கொழும்பு நிற்கவே முடியாது. காலியும் கொழும்பைவிட மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீராவிக் கப்பல்கள் அங்கேதான் நின்றன. கொழும்பில் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் திறந்த கடலில் ஆடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

கொழும்புக்கு இருந்தது முதுகுக்குப் பின்னால் உள்ள நிலம். கோப்பித் தோட்டங்கள் கண்டியைச் சுற்றி வளர்ந்தன; கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டியில் இறக்குவது மெதுவாகவும் விலையாகவும் இருந்தது. கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை 1867 இல் முடிந்தது. 1875 இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கான வேலை தொடங்கியது. கோப்பியை இலைநோய் அழித்த பிறகு அதே சரிவுகளில் தேயிலை வந்தது. அதே புகையிரதம், அதே துறைமுகம். காலி பின்னுக்குப் போனது. நல்ல துறைமுகமிருந்த திருகோணமலையின் பின்னால் ஏற்றுமதிப் பயிர் இல்லாததால் அது கடற்படைத் தளமாகவே நின்றுவிட்டது.

துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள நிலம் துறைமுகத்தை ஆக்கியது. துறைமுகம் பிறகு தொழில்களை ஆக்கியது. வங்கி, காப்புறுதி, கப்பல் முகவர், சுங்கத் தரகர், பழுதுபார்க்கும் பட்டறை என்று ஒவ்வொன்றாக வந்தன. அடுத்து வரும் தொழிலுக்கு இவை எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தன. இன்று 20 அடிக் கொள்கலன் அளவில் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கையாளும் துறைமுகமாகக் கொழும்பு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பல் மாறிப் போகிறவை. அந்தப் பெட்டிகள் இலங்கையின் சரக்கு அல்ல என்றாலும் அவற்றால் நமக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு: அவற்றுக்காகப் பெரிய கப்பல்கள் அடிக்கடி வருகின்றன. பியகமவில் ஒரு சிறு தொழிற்சாலை நிரப்பிய ஒற்றைக் கொள்கலனுக்கும் சில நாட்களுக்குள் கப்பல் கிடைக்கிறது.

தையல் இயந்திரம் தேடும் இடம்

ஆடைத் தொழிலுக்குப் பொருட் சுட்டெண்ணைப் போட்டுப் பாருங்கள். வெட்டும்போது துணியில் ஒரு சிறு பகுதி கழிவாகப் போகிறது. விடை 1 ஐவிடச் சற்றே மேல். அதாவது நிறை எதையும் தீர்மானிப்பதில்லை. துணியின் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது; உடை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. அப்படியென்றால் நடுவில் இலங்கை எதற்கு?

முதல் விடை அரசாங்க விதிகளில் இருக்கிறது. 1974 இல் வந்த பல்நார் உடன்படிக்கையின் கீழும், அதைத் தொடர்ந்து 2004 இறுதி வரை இருந்த ஏற்பாட்டின் கீழும், செல்வந்த நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எவ்வளவு உடை வாங்கலாம் என்று ஒதுக்கீடு வைத்திருந்தன. ஹொங்கொங் போன்ற இடங்களின் ஒதுக்கீடு நிரம்பியதும், நிரம்பாத ஒதுக்கீடு உள்ள நாடுகளைத் தேடி உற்பத்தியாளர்கள் வந்தார்கள். 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978 இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு உருவாகி, கட்டுநாயக்கவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. விமான நிலையம் வாசலில், துறைமுகம் 30 கிலோமீற்றர் அளவில், தீர்வையில்லா இறக்குமதி, வரி விடுமுறை, சுற்றுமதிலோடு மின்னும் நீரும் தயாரான காணி. அதன்பின் பியகம, கொக்கல, அவிசாவளைப் பக்கத்துச் சீதாவாக்க என்று வலயங்கள் விரிந்தன.

இரண்டாவது விடை உழைப்பு. கூலி எவ்வளவு என்பதை மட்டும் பார்ப்பவர்கள் இதைப் பாதிதான் புரிந்துகொள்கிறார்கள். தையல் வரிசை ஒன்றில் 30 பேர் இருந்தால், ஒவ்வொருவரும் ஒரு பகுதியைத் தைத்து அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். கழுத்துப்பட்டி தைக்கும் ஒருவர் வராவிட்டால் அவருக்குப் பின்னாலுள்ள எல்லோருக்கும் வேலை தேங்கும். 30 பேரில் 3 பேர் வராத நாளில் உற்பத்தி 10 சதவீதத்தைவிட அதிகமாக விழும். எனவே தொழிற்சாலை முகாமையாளர் இடம் தேடும்போது கேட்பது இவை: பஸ் காலை எத்தனை மணிக்கு வரும்? எத்தனை கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்? தொலைவிலிருந்து வருபவர்கள் தங்கப் போர்டிங் கிடைக்குமா, அதன் வாடகை சம்பளத்தில் எவ்வளவைத் தின்னும்? சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். இது நாடு முழுவதும் ஒன்றே. இடத்துக்கு இடம் மாறுவது ஆள் கிடைப்பதும் ஆள் நிலைப்பதும்தான்.

கட்டுநாயக்கவில் பல இளம் பெண்கள் நெருக்கமான அறைகளில் வாடகைக்கு இருந்து உழைப்பதன் விலையை அந்தத் தொழில் நீண்டகாலம் தன் கணக்கில் எழுதவில்லை. பலர் ஒரு சில வருடங்களில் விலகிப் போனபோது அந்த விலை ஆட்பற்றாக்குறையாகத் திரும்பி வந்தது. பெரிய நிறுவனங்கள் பிறகு தொழிலாளரின் ஊர்களை நோக்கித் தொழிற்சாலைகளைக் கொண்டுபோகத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2009 க்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பின் புனானையிலும் தையல் ஆலைகள் வந்தன. அங்கிருந்து கொழும்புத் துறைமுகம் தூரம்தான். ஆனால் உடையின் விலையோடு பார்க்கும்போது கொள்கலன் லொறியின் கூலி சிறிது.

அண்மையில் தூரத்தைவிட நாட்கணக்கு பெரிதாகிவிட்டது. 2023 இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பின், ஐரோப்பா போகும் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. பருவ உடைக்கு இரண்டு வாரத் தாமதம் என்பது அடுத்த கட்டளையை வேறொரு நாட்டுக்கு இழக்கும் தாமதமாக ஆகலாம்.

ஆறு: இழுப்பதும் எச்சரிப்பதும்

துணியைத் தைப்பதற்கு நீர் வேண்டாம், சாயமிடுவதற்கு வேண்டும். 1 கிலோ துணிக்கு 100 லீற்றர் அளவு என்பது சாய ஆலைகளில் சாதாரணம். ஒரு நாளைக்கு 10 தொன் துணிக்குச் சாயமேற்றும் ஆலைக்கு 10 இலட்சம் லீற்றர். இதைக் கிணறு தோண்டிச் சமாளிக்க முடியாது. பியகம, பூகொட, அவிசாவளை என்று துணி ஆலைகள் களனி கங்கையின் கரையோரமாகவே கோர்த்தாற்போல் நிற்பது இதனால்தான்.

உள்ளே போன நீர் வெளியே வந்தாக வேண்டும். சாயமும் உப்பும் சூடும் சுமந்து வரும். பியகம வலயத்துக்குப் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. சுத்திகரித்த நீர் ஓடை வழியே களனியில் சேர்கிறது. அதற்குக் கீழே அம்பத்தலேயில் கொழும்பு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி எடுக்கப்படுகிறது. ஒரே ஆறு தொழிலையும் ஊட்டுகிறது, ஊரையும் ஊட்டுகிறது. மழை குறைந்த மாதங்களில் ஆற்றின் ஓட்டம் இறங்கும்போது கழிவைக் கரைத்து நீர்க்கச் செய்யும் சக்தியும் இறங்கும்; கடல்நீர் ஆற்றுக்குள் மேலேறும் தொல்லையும் அப்போதுதான் வரும். 2015 ஓகஸ்டில் கடுவெலப் பகுதித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கசிந்த டீசல் களனியில் கலந்தபோது, நீர் விநியோகமே பாதிக்கப்பட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு வெலிவேரிய, ரதுபஸ்வலவில் கிணற்று நீர் கெட்டுவிட்டதாகவும் அதற்கு அருகிலிருந்த கையுறைத் தொழிற்சாலையே காரணம் எனவும் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். இராணுவத்தின் துப்பாக்கிச்சூட்டில் 3 பேர் உயிரிழந்தார்கள். கழிவை ஏற்கும் இடத்தையும் அங்கு வாழும் மக்களையும் அமைவிடக் கணக்கில் முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று இந்தக் கட்டுரை அழுத்திச் சொல்வது அதனால்தான். பல பாடக்குறிப்புகள் அதைக் கடைசி வரிக்குத் தள்ளிவிடுகின்றன.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. அலுமினியத்தை உருக்கிப் பிரிக்க 1 தொன்னுக்கு 13 முதல் 15 மெகாவற் மணி மின் வேண்டும். அப்படியான தொழில்கள் மலிவு நீர்மின் உள்ள நாடுகளையே தேடும். நம்மிடம் விலையைவிட முக்கியம் தடையின்மை. போத்தல் செய்யும் கண்ணாடிச் சூளை 1,500 பாகை செல்சியஸ் அளவில் இரவு பகலாக வருடக்கணக்கில் எரியும். அதை அணைத்தால் கண்ணாடி உள்ளேயே உறைந்து சூளையில் வெடிப்பு விழும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, மின்பிறப்பாக்கி இருந்தவர்களுக்கும் டீசல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இடம் பார்க்கப் போகிறவர்கள் கூரையின் பரப்பையும் கேட்கிறார்கள், சூரியத் தகடு போடுவதற்காக.

ஒரே தெருவில் ஏன் கூடுகிறார்கள்

கொழும்பின் செட்டியார் தெருவில் நகைக்கடைக்குப் பக்கத்தில் நகைக்கடை. போட்டியாளருக்குப் பக்கத்தில் கடை போடுவது புத்தியா? புத்திதான். நகை வாங்க வருபவர் ஒரு கடையை நம்பி வருவதில்லை, தெருவை நம்பி வருகிறார். கடைகளின் பின்புறம் நகை செய்யும் பத்தர், மெருகு போடுபவர், கல் பதிப்பவர், தங்கத்தின் மாற்றுப் பார்ப்பவர் எல்லோரும் நடக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். எந்தக் கடையும் இவர்களில் ஒருவரை முழுநேரமும் சம்பளத்துக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. வாகன உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தையும் இப்படித்தான். பொருளியலில் இதைத் திரட்சிச் சிக்கனம் என்கிறோம். அல்பிரட் மார்ஷல் 1890 இலேயே இதன் காரணங்களை விளக்கினார்: தேர்ந்த தொழிலாளர் கூடுவது, துணைத் தொழில்கள் வளர்வது, தொழில் நுணுக்கம் ஆளுக்கு ஆள் பரவுவது.

ஏகலை, கட்டுநாயக்கப் பக்கத்தில் தையல் இயந்திரம் பழுதானால் திருத்துநர் அன்றைக்கே வருவார். அட்டைப்பெட்டி, நூல், லேபல் அருகிலேயே கிடைக்கும். தொலைவிலுள்ள ஆலை இவை ஒவ்வொன்றுக்கும் இருப்பு வைக்க வேண்டும், இருப்பு என்பது முடங்கிய பணம். ஆனால் கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காணி விலை ஏறும், லொறி நெரிசலில் நிற்கும், வீடுகள் தொழிற்சாலை மதிலோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளவத்தையில் ஒருகாலத்தில் பெரிய நூற்பு நெசவு ஆலை இருந்தது. இன்று அந்தப் பகுதியில் காணியின் விலைக்கு நெசவு ஆலை ஈடுகொடுக்கவே முடியாது. கண்ணாடிப் போத்தல் தொழிற்சாலை இரத்மலானையை விட்டு ஹொரணைக்குப் போனதும் இந்தப் போக்கின் ஒரு பகுதி.

காரணம் போன பிறகு

அமைவிடக் கோட்பாட்டில் மாணவர் அதிகம் கவனிக்காத இடம் இது. தொழிற்சாலை வந்ததற்கான காரணம் போய்விடலாம். தொழிற்சாலை எழுந்து நடந்து போக முடியாது.

1992 இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமப்புறங்களுக்கு வேலை கொண்டுபோக எண்ணியது. பின்தங்கிய பகுதிக்குப் போகும் முதலீட்டாளருக்கு ஏற்றுமதி ஒதுக்கீடு சலுகையாகக் கிடைத்தது. அந்த ஒதுக்கீடு முறை 2004 டிசம்பர் 31 உடன் முடிந்தது. தரத்தாலும் வேகத்தாலும் நின்ற பெரிய நிறுவனங்கள் பிழைத்தன. ஒதுக்கீட்டையே நம்பிய சிறிய ஆலைகள் பல மூடின. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதித் தீர்வைச் சலுகையும் 2005 இல் வந்து, 2010 இல் போய், 2017 இல் திரும்பியது.

வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலை நம்பி எழுந்தது. சுற்றிலும் நெல்வயல், எண்ணம் சரியானதே. ஆனால் வைக்கோல் அறுவடைக் காலத்தில் மட்டும் வரும், நிறைக்கு மிஞ்சிய இடம் பிடிக்கும், நனைந்தால் அழுகும். அதிலுள்ள சிலிக்கா, கூழ் காய்ச்சிய கறுப்புத் திரவத்திலிருந்து இரசாயனத்தை மீட்டெடுக்க விடாமல் குழாய்களில் படியும். மீட்க முடியாத இரசாயனம் செலவாகவும் மாசாகவும் ஆகும். மூலப்பொருள் அருகில் இருப்பது மட்டும் போதாது. அது வருடம் முழுக்க, பயன்படும் தரத்தில் கிடைக்க வேண்டும்.

பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. காங்கேசன்துறையும் பரந்தனும் அமைவிடக் கணக்கில் பிழை விட்ட ஆலைகள் அல்ல. கல்லும் உப்பும் அங்கேதான் இருந்தன, இன்றும் இருக்கின்றன. போர் அவற்றை நிறுத்தியது. வடக்கின் கைத்தொழிலைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், அந்த மண்ணில் தொழில் வளராது என்ற தவறான எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடும்.

சிறிதாகத் தொடங்குபவர் பார்க்க வேண்டியவை

பெரிய ஆலைக்குச் சொன்னது பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தும். முதலில் சுட்டெண்ணைப் போடுங்கள். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 8 அளவு தேங்காய் வேண்டும். மட்டை, சிரட்டை, நீர், பிண்ணாக்கு எல்லாம் கழியும் பாரம். கொழும்பில் ஆலை போட்டால் கழிவை ஏற்றிவரக் கூலி கொடுப்பீர்கள். குருநாகல், சிலாபம் பக்கமே சரி. செத்தல் மிளகாய் அப்படியல்ல. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் விற்கப்படுகிறது. அரைத்தால் காம்பும் கொஞ்சம் தூசும்தான் போகும். கொழும்பைச் சுற்றி எங்கும் அரைக்கலாம். அங்கே தீர்மானிப்பது நெடியும் சத்தமும்: மதிலுக்கு அப்பால் வீடு இருந்தால் முறைப்பாடு வரும்.

அடுத்து அனுமதி. காணிக்கு முற்பணம் கொடுக்குமுன் உள்ளூராட்சி மன்றத்திலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் அது எந்த வலயம் என்று கேளுங்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், தொழிலின் வகையைப் பொறுத்துச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவைப்படும்; உங்கள் தொழில் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதை மத்திய சுற்றாடல் அதிகார சபையில் முதலிலேயே உறுதி செய்தால், இயந்திரம் பூட்டிய பிறகு இடம் மாறும் நட்டம் வராது.

மின்னிணைப்பில் 42 கே.வீ.ஏ. (மின்சுமையின் அளவு) என்ற எல்லையை நினைவில் வையுங்கள். அதற்கு மேல் போனால் மொத்த வழங்கல் இணைப்பு வேண்டும்; கட்டண முறை மாறும், மின்மாற்றிச் செலவும் காத்திருப்பும் சேரும். எல்லா மோட்டர்களின் திறனையும் கூட்டிப் பார்த்து, இரண்டு வருடத்தில் சேர்க்கப்போகும் இயந்திரத்தையும் அதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 40 அடிக் கொள்கலன் ஏற்றிய லொறி ஏறத்தாழ 16 மீற்றர் நீளம். ஒழுங்கையின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது, அது திரும்பும் முனையையும் மேலே தொங்கும் கம்பிகளையும் பார்க்க வேண்டும். உள்ளே வர முடியாவிட்டால் பிரதான வீதியில் இறக்கிச் சிறு லொறியில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தக் கூலி சேரும்.

காணி மலிவாக இருந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். கொழும்பைச் சுற்றிய தாழ்நிலங்கள் பலவற்றின் அடியில் சதுப்பு மண். பாரமான இயந்திரத்துக்குத் தூண் அடித்துத்தான் தளம் போட முடியும், அந்தச் செலவு மிச்சப்பட்ட விலையை விழுங்கிவிடும். 2016 மே வெள்ளத்தில் களனியை அண்டிய கொலன்னாவை, கடுவெல, பியகமப் பகுதிகள் மூழ்கின. அப்போது தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று அயலவரிடம் கேட்டு, சுவரில் குறித்து, மின்பலகையும் மூலப்பொருள் தட்டுகளும் அந்தக் கோட்டுக்கு மேலே வர இடமிருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு உறுதியில் கையெழுத்திடுங்கள்.